நடந்து முடித்தார்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பதிமூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை முதல் கடும் வெயில். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் நாகமலைக்குப் பின்னால் கருமேகம் திரண்டது. ஆயினும் மழை பெய்யவில்லை, அதுவரை வீசிக்கொண்டிருந்த காற்றும் நின்றுவிட்டது.

அந்நேரத்தில் நான் திருநகர் இரண்டாவது நிறுத்தத்தில் பேருந்துக்காகக் காத்து நின்றேன். என் தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. அதனுள் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, பாலித்தீன் உறையில் சுற்றப்பட்ட நீள நோட்டு. மற்றொன்று, பத்தாம் வகுப்புத் தேர்வுக்காக நான் வாங்கிய தகரக் கணிதப் பெட்டி. நடக்கும்போதெல்லாம் அப்பெட்டிக்குள் ஏதோ ஒன்று உருண்டு ஓசை எழுப்பியது. அது இன்னதென்று எனக்குத் தெரியும். ஆதலால் பையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டேன்.

அந்த நோட்டு எங்கள் பழனிப் பாதயாத்திரைச் சபையின் பதிவேடு ஆகும். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து கட்டங்கள் உண்டு: பெயர், ஜோடி எண், சேர்ந்த நாளும் நேரமும், முடித்த விதம், குறிப்பு. கோடுகள் அனைத்தும் நான் அளவுகோல் வைத்துப் போட்டவை. நாற்பத்தாறு வயதுவரை எனக்கு என் பெயரை எழுதத் தெரியாது. பஞ்சாலையில் சம்பளச் சீட்டில் பெருவிரலை உருட்டியவன் நான். ஆலை மூடப்பட்ட பின்னர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் காவலாளியாகச் சேர்ந்து, அங்கே கிடைத்த ஓய்வு நேரத்தில் எழுத்துக்கூட்டிப் படித்து, எட்டாம் வகுப்பையும், ஐம்பத்து நான்காம் வயதில் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதித் தேர்ச்சி பெற்றேன். என் கையெழுத்து அச்செழுத்தைப் போல இருப்பதாகச் சபைத் தலைவர் மலையாண்டி எல்லோரிடமும் கூறுவார். பதிவேடு எழுதும் பொறுப்பு அவ்வாறே என்னிடம் வந்தது.

முந்தைய நாள் காலையில் காசிமாயன் தொலைபேசியில் அழைத்திருந்தான். அவனும் நானும் ஒரே ஆலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பஞ்சு சுமந்தவர்கள். ஆலை மூடிய பிறகு அவன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போய்விட்டான்.

“வாத்தியாரே, அந்த நோட்ட எடுத்துக்கிட்டு வா. எம் பேரு அதுல எப்படி இருக்குன்னு பாக்கணும்.”

“உனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே, காசி.”

“நீ எதுக்கு இருக்க? படிச்சது அம்புட்டும் வீணா?”

எப்போதும்போல் சிரித்தான். காசிமாயனுக்கு இப்போது வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அது இல்லாமற் போனதற்கும், அவனுடைய பெயருக்கு நேரே குறிப்புக் கட்டத்தில் பின்னர் நான் எழுதி வைத்த நான்கு வரிகளுக்கும் தொடர்பு உண்டு. அந்நான்கு வரிகளை அவன் எதிரில் வாசிப்பதா, வேண்டாமா என்பதைப் பேருந்து வரும்வரையிலும் நான் முடிவு செய்யவில்லை.

எங்கள் சபையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எவரும் தனியாக நடத்தல் கூடாது. இருவர் இருவராகவே நடக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அதிகாலைப் பனியில் பின்தங்கிப்போன ஒருவரைக் கார் மோதித் தள்ளியது. சபையார் திரும்பி வந்து தேடுவதற்குள் அவர் இறந்துவிட்டார். அதன்பின் மலையாண்டி இந்த ஜோடி முறையைக் கொண்டுவந்தார். ஜோடியில் ஒருவர் நடக்க முடியாமல் வண்டியில் ஏறினால் மற்றவரும் ஏறிவிட வேண்டும். சுமைகளை ஏற்றிக்கொண்டு பின்னால் வரும் அந்தச் சிறிய வண்டியைக் குட்டியானை என்போம். அதில் ஏறியவர்களுக்கு நேரே, முடித்த விதம் என்ற கட்டத்தில், ‘வண்டியில் வந்தார்’ என்று எழுதப்படும். மற்றவர்களுக்கு ‘நடந்து முடித்தார்’ என்று எழுதப்படும். அடிவாரத்தில் முதற்படியைத் தொட்டு வணங்கும் நேரமே சேர்ந்த நேரம்.

சென்ற ஆண்டில் ஒட்டன்சத்திரம் தாண்டியதும் எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. சாலையோரம் விழுந்து புரண்டேன். மலையாண்டி வந்து பார்த்து, “சாமி, ஏறிக்கங்க” என்றார். நான் ஏறினேன். என் ஜோடியாகிய காசிமாயனும் எந்தக் குறையும் சொல்லாமல் ஏறினான். மூட்டைகளின் மேல் மல்லாந்து படுத்து, கடலையை உடைத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, “மாப்ள, ரோடு நம்மள விட்டுட்டுப் பின்னாடியே ஓடுது பாரு. சினிமா கெட்டுச்சு போ” என்றான். அன்று மாலையில் என் பெயருக்கும் அவன் பெயருக்கும் நேரே, என் கையாலேயே, ‘வண்டியில் வந்தார்’ என்று எழுதினேன். அத்தனை பெயர்களுக்கு நடுவில் அவ்விரண்டு வரிகள் மட்டும் வேறாக நின்றன. ஓராண்டு முழுவதும் அவ்வரி என் கண்முன் நின்றது. தொடங்கியதை முடிக்காதவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. நானே எழுதி வைத்துவிட்டேன்.

இவ்வாண்டு பிப்ரவரி ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை, திருநகரிலிருந்து புறப்பாடு. எங்கள் ஜோடி எண் பதினொன்று. விடியற்காலையில் வழியனுப்ப வந்த காசிமாயனின் மனைவி ஒச்சம்மாள் என்னைத் தனியே அழைத்தாள்.

“அண்ணே, இவுகளுக்குச் சக்கர முந்நூறுக்குக் கீழ எறங்கவே மாட்டேங்குது. போக வேணாம்னா கேக்குறாகளா? நீங்க கூட இருக்கீகன்னுதான் விடுறேன். காலப் பாத்துக்கங்க.”

“நான் பார்த்துக்கொள்கிறேன்ம்மா” என்றேன்.

“ஏய், என்ன ரகசியம்? எங் கால அவங்கிட்ட அடமானம் வைக்கிறியா?” என்று காசிமாயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே கத்தினான். கூட்டம் சிரித்தது. ஒச்சம்மாளும் சிரித்தாள்.

இன்னொன்றையும் இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெரியாஸ்பத்திரியின் சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு அவனோடு நானும் சென்றிருந்தேன். சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. எழுத்தைக் கண்டால் வாய்விட்டு வாசிக்கும் வழக்கம் எனக்கு அப்போது இருந்தது. ‘சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலுடன் நடத்தல் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தால் காயம் ஏற்படுவது தெரியாது’ என்று வரிசையில் நின்ற அனைவரும் கேட்கும்படி வாசித்தேன். “இத அப்பிடியே பழனில போயி முருகங்கிட்ட வாசி. செருப்பு வாங்கிக் குடுப்பான்” என்றான் காசிமாயன். ஆகவே, எனக்குத் தெரியாது என்று நான் ஒருபோதும் கூற இயலாது.

முதல் நாள் பனி மிகுதி. களவாசல் தாண்டிப் பரவை வரும்வரை முன்னால் சென்றவர்களின் பச்சை வேட்டிகூடத் தெரியவில்லை. அரோகரா என்னும் குரலை வைத்தே வழி அறிந்தோம். சமயநல்லூரில் பொழுது நன்கு விடிந்தது. சாலை விரிவாக்கத்திற்காகக் கொட்டியிருந்த சல்லிக் கற்களின் மேல் நாங்கள் அனைவரும் கால் மாற்றி மாற்றி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தோம். காசிமாயன் மட்டும் தரையைக் குனிந்து பாராமல் நடந்தான்.

“சாமி, உங்களுக்குக் குத்தலையா?” என்று ஒருவர் கேட்டார்.

“குத்துறதா? பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு சாமி. மாப்ள, நம்ம மில்லு குடோன்ல பொதி பிரிச்சுப் போட்டு மேல நடப்பமே, அப்பிடி இருக்குடா.”

“முருகன் தூக்கிட்டுப் போறான்யா உங்கள” என்றார் அவர். மலையாண்டி கைகூப்பினார். பின்னால் வந்த பெண்கள் இருவர் ஓடிவந்து, அவன் கால்பட்ட மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அது அவர்களுடைய தவறன்று, அவர்களுக்குத் தெரியாது. நானோ சுவரில் இருந்ததை வாசித்தவன். இருப்பினும் அந்நேரத்தில் என் மனத்தில் எழுந்த எண்ணம் யாதெனில், இம்முறை என் ஜோடி பாதியில் விழாது என்பதே. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் காசிமாயனோடு நடப்பது கடினம். அவன் நிற்பான். அறுத்த வயலில் வைக்கோலைக் கட்டுகிற இயந்திரத்தைப் பார்த்து நிற்பான். பாலத்துக் கட்டையில் அமர்ந்து, அடியில் ஓடும் கால்வாய்த் தண்ணீரில் வெற்றிலையைக் கிள்ளிப் போட்டு, அது மறுபக்கம் வருகிறதா என்று ஓடிப் பார்ப்பான். டீக்கடையில் முன்பின் அறியாதவனிடம் அவன் மகள் திருமணச் செய்தி முழுவதையும் கேட்டு முடித்த பின்னரே எழுவான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பேன்.

“வெரசா வா, காசி. பன்னிரண்டாவது ஜோடி நம்மைத் தாண்டிவிட்டது.”

“தாண்டுனா தாண்டிட்டுப் போறாய்ங்க. பழனி மல எங்கிட்டும் ஓடிருமா?”

“உனக்கு என்னதான் வேண்டுதல்? எதற்காக நடக்கிறாய்?”

“வேண்டுதலா? நாலு நாளு பெயிண்டு வாட இல்லாம மூச்சு விடலாம்ல. அதுக்குத்தான்.”

தனிச்சியம் விலக்குக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பில் நண்பகல் தங்கல். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. காசிமாயன் தொட்டியில் விழுந்து, ஒரு மணி நேரம் எழாமல் கிடந்தான். பிறகு கட்டுச்சோறு தின்றுவிட்டு, துண்டை விரித்து உறங்கிப்போனான். வடகிழக்கே சிறுமலை நீலமாகத் தெரிந்தது. எல்லோரும் உறங்கினார்கள். நான் மட்டும் ஒரு மரத்தில் சாய்ந்து, ஒவ்வொரு ஊரையும் கடந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவனுடைய வலது பாதம் என்னை நோக்கி இருந்தது. நீரில் ஊறி வெளுத்த உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, மிளகளவில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. முதலில் மண் என்று நினைத்தேன். அருகே சென்று விரலால் தேய்த்தேன். அது அசையவில்லை. அது ஓர் ஆணியின் தலை.

எத்தனை மைல் அதோடு நடந்தானோ, தெரியாது. கணிதப் பெட்டியிலிருந்து கவராயத்தை எடுத்து, அதன் முனையால் நெம்பி, இரு நகங்களுக்கு இடையில் பிடித்து இழுத்தேன். ஓர் அங்குலத்துக்குக் குறையாத ஆணி; துருப்பிடித்தது. அது முழுவதும் வெளியே வந்தபோதும் காசிமாயன் முகம் சுளிக்கவில்லை. வாய் சற்றுத் திறந்திருந்தது. மூச்சு ஒரே சீராக வந்தது. துளையில் இரத்தம் மெல்லக் கசிந்தது.

குட்டியானை முப்பது அடி தொலைவில் நிழலில் நின்றது. மலையாண்டி அதன் சக்கரத்தில் தலை சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால், வாடிப்பட்டியில் ஊசி போடச் செய்து, எங்கள் இருவரையும் வண்டியில் ஏற்றிவிடுவார். முதல் நாளே, இருபத்து நான்கு கிலோமீட்டரிலேயே, பதினொன்றாவது ஜோடி முடிந்துவிடும். நான் மறுபடியும் அதே இரு சொற்களை எழுத வேண்டும்.

வெகுநேரம் எண்ணிப் பார்த்தேன் என்று எழுதினால் அது பொய்யாகும். நான் எண்ணவே இல்லை. பையிலிருந்த மஞ்சள் தூளை வைத்து அழுத்தி, என் துண்டில் ஒரு முனையைக் கிழித்துக் கட்டினேன். தார்ச்சூட்டுக்காக மதியத்தில் எல்லோரும் அணியும் காலுறையை அவன் காலில் மாட்டினேன். ஆணியைக் கணிதப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். மூடிய ஓசையில் அவன் விழித்தான்.

“என்னடா, காலப் பிடிச்சு விடுறியா? புண்ணியவான்!”

“கொப்புளம் வந்திருக்கிறது. துணி கட்டியிருக்கிறேன். அவிழ்க்காதே.”

“கொப்புளமா? எனக்கு ஒண்ணுந் தெரியலையே.”

“உனக்கு எதுதான் தெரியும்? எழுந்திரு. நேரமாகிறது.”

அவன் எழுந்து நடந்தான். நானே நாள்தோறும் நண்பகலில் துணியை மாற்றினேன். இரண்டாம் நாள் கொடைரோடு அருகே துணி ஈரமாக இருந்தது. மூன்றாம் நாள் திண்டுக்கல் தாண்டியபோது அத்துணியிலிருந்து ஒரு வாடை எழுந்தது. புளித்த மாவின் வாடை அல்ல, வேறொன்று. அதை எந்தச் சொல்லால் எழுதுவதென்று எனக்கு இன்றளவும் தெரியவில்லை. துணியைக் கரும்புக் காட்டுக்குள் வீசினேன். அன்று பிற்பகல் சாலையோரத்தில் இலவச மருத்துவப் பந்தல் ஒன்று இருந்தது. வெள்ளை மேலங்கி அணிந்த ஒரு பெண் எங்கள் முன்னே வந்து, “ஐயா, ஒங்க சாக்ஸ் நனைஞ்சிருக்கே, ஒக்காருங்க, பாத்துருவோம்” என்றாள். காசிமாயன் உட்காரத்தான் போனான். அவனுக்கு எங்கும் உட்காரப் பிடிக்கும். “தண்ணீரில் மிதித்துவிட்டார்ம்மா” என்று சொல்லி, அவன் முழங்கையைப் பற்றி இழுத்துச் சென்றேன்.

“கொஞ்ச நேரம் ஒக்காந்தா என்னடா? மோரு வேற குடுக்குறாய்ங்க.”

“முன்னால் போய்க் குடிக்கலாம்.”

“எப்பப் பாத்தாலும் முன்னால, முன்னால. அங்க என்னதான்டா வச்சிருக்க?”

நான்காம் நாள் அவனுக்கு உடம்பு சுட்டது. நடுக்கத்தோடு நடந்துகொண்டே, “மலக்காத்து வந்துருச்சு மாப்ள, பழனி பக்கத்துல வந்துருச்சு” என்றான். ஆயக்குடியில் அவன் கேட்டும் நான் நிற்கவில்லை. கடைசி ஆறு கிலோமீட்டரில் அவனுடைய கை என் தோளில் இருந்தது. அவனை நான் தாங்குவதாகப் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். உண்மையில் நான் அவனை இழுத்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரி பத்தாம் நாள், திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்தில் முதற்படியைத் தொட்டோம். காசிமாயன் அந்தப் படியிலேயே அமர்ந்துவிட்டான், மேலே ஏறவில்லை. நான் அங்கேயே பதிவேட்டைத் திறந்து, இரண்டு பெயர்களுக்கும் நேரே, ‘நடந்து முடித்தார், நடந்து முடித்தார்’ என்று எழுதினேன். அவ்விரண்டு வரிகள்தாம் நான் இதுவரை எழுதியவற்றுள் மிக அழகானவை. இப்போது பார்த்தாலும் ஓரெழுத்தும் கோணவில்லை.

பதினொரு நாள்கள் கழித்துப் பெரியாஸ்பத்திரியில் அவனுடைய காலை எடுத்தார்கள்.

அந்த ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை, வில்லாபுரத்தில் நான் பேருந்தை விட்டு இறங்கியபோது மணி நான்கு நாற்பது. அவனுடைய வீடு குறுகிய சந்தில், மாடிப்படிக்கு அடியில் உள்ள இரண்டு அறைகள். வாசலில் பெயிண்ட் வாளிகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தூரிகைகள் காய்ந்து, முள் போல் நின்றன. காசிமாயன் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்தான். கைலியின் வலப்பக்கம் நாற்காலியின் விளிம்போடு மடிந்து தொங்கியது. எதிரே பக்கத்து வீட்டு முத்துப்பாண்டி அமர்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்தார்.

“வாடா வாத்தியாரே! அண்ணே, இவந்தான் எஞ்சோடி. இவன் இல்லேன்னா நான் போயே சேந்துருக்க மாட்டேன். பாதிலயே எங்கிட்டாச்சும் ஒக்காந்து கத பேசிட்டு இருந்துருப்பேன்.”

முத்துப்பாண்டி எழுந்து எனக்கு இடம்விட்டு, பொதுவாகத் தலையசைத்து விடைபெற்றார். காசிமாயன் நிறுத்தவில்லை.

“மாப்ள, ஆயக்குடில ஒரு பொம்பள கொய்யாப்பழம் குடுத்துச்சே, ஞாபகம் இருக்கா? காதுல பாம்படம் போட்டுருந்துச்சு. நீ நிக்கவே இல்ல, அது ஓடியாந்து எங் கைல திணிச்சுட்டுப் போச்சு.”

“ஞாபகம் இல்லை.”

“ரெட்டியார்சத்திரத்துல மயிலு குறுக்க வந்து லாரி நின்னுச்சே?”

“இல்லை, காசி.”

“என்னடா நீ, என் கூடத்தான வந்த? ஆஸ்பத்திரில அந்த நாலு நாளத்தான் திருப்பித் திருப்பி நடந்துட்டு இருந்தேன். கண்ண மூடுனா ரோடு. வலி தெரியாம இருந்துச்சு.”

எனக்கு நினைவில் இருந்தவை எண்களே. பரவை ஆறு ஐம்பது. சமயநல்லூர் எட்டுப் பதினைந்து. எந்த ஊரில் எந்த மரம் நின்றது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

“இனிமே ஏணில ஏற முடியாதுல்ல” என்று அவனே தொடர்ந்தான். “மேஸ்திரிகிட்டக் கேட்டேன். கீழ எட்டுற வரைக்கும் நான் அடிக்கிறேன், மேல வேற ஆள வச்சுக்கங்கன்னேன். எட்டுற வரைக்கும் மட்டுமா செவரு இருக்குங்குறான்.” சிரித்தான். அடுப்படியிலிருந்து சிரிப்பு வரவில்லை. ஒச்சம்மாள் டீ கொண்டுவந்து என் முன்னே முக்காலியில் வைத்தாள். அவள் இளைத்திருந்தாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும்” என்றாள். “டாக்டரு இது ஆணி குத்துன காயங்கிறாரு. நாளாச்சுங்கிறாரு. இவுக கொப்புளம், கொப்புளம்னே சொல்லிட்டுருக்காக. நீங்கதான தெனமும் கட்டுனீக?”

“அட, ஆணின்னா தெரியாமயா போகும்?” என்றான் காசிமாயன். “அவம் பாத்துருக்க மாட்டானா? மொதல்ல நோட்ட எடு மாப்ள. எம் பேர வாசி.”

பதிவேட்டை எடுத்து மடியில் விரித்தேன். பதினொன்றாம் ஜோடி இருந்த பக்கத்தில் பெயரைச் சுட்டி, “காசிமாயன்” என்று வாசித்தேன். அவன் குனிந்து, பெயிண்ட் கறை போகாத சுட்டுவிரலை அவ்வெழுத்துகளின் மேல் வைத்தான்.

“இதா நானு?”

“ஆம். ஜோடி எண் பதினொன்று. பிப்ரவரி பத்து, பிற்பகல் மூன்று பன்னிரண்டு. நடந்து முடித்தார்.”

“நடந்து முடித்தார்” என்று அவன் மெதுவாகத் திருப்பிச் சொன்னான். அவன் விரல் கட்டம் கட்டமாக நகர்ந்து, கடைசிக் கட்டத்துக்குச் சென்று நின்றது. “இது என்ன, இம்புட்டு எழுதியிருக்க? மத்தவங்களுக்கெல்லாம் வெறுமையா இருக்கு. என்னையப் பத்தியா?”

“ஆம்.”

“புகழ்ந்து எழுதிருக்கியாடா? வாசி, வாசி. ஏய் ஒச்சு, கேளு.”

நான் வாயைத் திறந்தேன். அந்நான்கு வரிகளையும் நான் பிழையின்றி எழுதியிருந்தேன். எழுதப்பட்ட எதையும் வாய்விட்டு வாசிக்கக்கூடியவன் என்று பெருமை கொண்டிருந்தேன். முதற் சொல்லையே என்னால் கூட்ட இயலவில்லை. பையிலிருந்து கணிதப் பெட்டியை எடுத்தேன். மூடியைத் திறந்து, கவராயத்துக்கும் அளவுகோலுக்கும் இடையில் கிடந்ததை எடுத்து, அவன் விரல் இருந்த அதே கட்டத்தில் வைத்தேன்.

காசிமாயன் அந்த ஆணியை எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான். காகிதத்தில் அது இருந்த இடத்தில் துருவின் மங்கிய கோடு ஒன்று விழுந்திருந்தது.

“இது எந்த ஊருல மாப்ள?”

“தனிச்சியம் விலக்கு. தென்னந்தோப்பு.”

“மொத நாளு.”

“ஆம்.”

“அன்னிக்கு மோட்டார்த் தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சு” என்றான். ஆணியை விரல்களுக்குள் மூடிக்கொண்டு வாசற்பக்கம் பார்த்தான். சந்தில் யாரோ இரு சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவனுடைய இடது கால் தரையில் ஒருமுறை அழுந்தி, எழுவதற்கு முனைந்தது போல் முனைந்து, அடங்கியது.

ஒச்சம்மாள் நின்ற இடத்திலிருந்து வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. முக்காலியில் நான் இன்னும் தொடாமல் வைத்திருந்த டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தொட்டியில் அதை ஊற்றும் ஓசை கேட்டது. அதன்பின் குழாயைத் திறந்து டம்ளரைக் கழுவினாள், வெகுநேரம் கழுவினாள். வெளியே மேகம் கலைந்து, மறுபடியும் வெயில் அடித்தது. பழக்கத்தால் என் கண் கடிகாரத்துக்குச் சென்றது. மாலை ஐந்து மணி பதினெட்டு நிமிடம்.